கருப்பு உப்பும் கட்டிடப் பாதுகாப்பும்

அந்த ஐந்து மாடிக் காப்பீட்டு அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரியை எல்லாரும் முகத்துக்கு நேரே ‘சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘சுற்றறிக்கை’ என்பார்கள். பதினோரு வருஷத்தில் அறுபத்து மூன்று சுற்றறிக்கை எழுதிய மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மாடிப்படியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கக் கூடாது என்று ஒன்று. சுழல் நாற்காலியில் ஏறி நின்று பல்பு மாற்றக் கூடாது என்று ஒன்று. அந்தச் சுற்றறிக்கையைச் சுழல் நாற்காலியில் ஏறி நின்று சுவரில் ஒட்டியவரைக் கண்டித்து இன்னொன்று. இரண்டாம் மாடியில் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆம்லெட் சுட்ட நாளிலிருந்து, அலுவலக மாடிகளில் சூடு பண்ணும் சாதனம் எதுவுமே கூடாது என்று மூன்று பக்கத்துக்கு ஒன்று.

இவற்றை ஒரு வரி விடாமல் படித்தவர் அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒருவர்தான். தபால் பிரிவுக்காரர். ஐம்பதை நெருங்கியவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோலப் பேசாமலே இருப்பவர். மாடி மாடியாகச் சுற்றறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடுவார். மற்றவர்கள் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை உண்டு. அபாய மணி அடித்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்து நிமிஷத்துக்குள் தெருவுக்கு வந்துவிட வேண்டும். இதுவரை எட்டிய மிகச் சிறந்த நேரம் இருபத்திரண்டு நிமிஷம். அதுவும் அன்றைக்குக் கீழ்த்தளத்து பேக்கரியில் புதுசாகப் போட்ட கேக்கை ருசி பார்க்க ஓசியில் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆரோக்கிய வாரம் வந்தது. ஒவ்வொரு மாடியும் உடம்புக்கு நல்லதாக ஒரு பண்டம் செய்து வைக்க வேண்டும், ருசி பார்த்துப் பரிசு கொடுப்போம் என்று பணியாளர் பிரிவு அறிவித்தது. எண்ணெய் கூடாது, சர்க்கரை கூடாது, வீட்டில் செய்து எடுத்து வரவும் கூடாது. அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் முந்திக்கொண்டு முளைகட்டிய பயறு என்றார்கள். இரண்டாம் மாடி வெள்ளரிக்காயைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி உட்காரும் ஐந்தாம் மாடிக்கு மிஞ்சியது பழம். யார் செய்வது என்று சீட்டுக் குலுக்கினார்கள். அதிகாரியின் பெயர் வந்தது. எடுத்த சீட்டைக் காட்டிவிட்டு மற்ற சீட்டுகளை உடனே கிழித்துப் போட்டார்கள். மிஞ்சிய முப்பத்தொன்பது சீட்டிலும் அதே பெயர்தான் இருந்தது என்று குப்பையைக் கூட்டிய பான்ட்ரி அக்கா பிற்பாடு சொன்னார்.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் பள்ளி வேன் ஓட்டுபவள். தினமும் முப்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குவதால் எதையும் மூன்று தரம் சொல்லிப் பழக்கம்.

“வாழைப்பழத்த உரிக்கிறதத் தவிர நீங்க பழத்துக்கு வேற என்னங்க பண்ணியிருக்கீங்க?”

“அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன்” என்றார். அவருக்கு நாலு நாளாக ஜலதோஷம். அவ்வப்போது ‘ம’ ‘ப’வாக வந்துகொண்டிருந்தது.

“வெறும் பழத்த வெட்டி வச்சா அது நோயாளிக்குக் குடுக்கிற சாப்பாடு. கொஞ்சம் மசாலா சேர்த்தா அது கத வேற” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சீரகத்தை வாணலியில் போட்டுப் படபடவென்று வெடித்து வாசனை கிளம்பும்வரை வறுத்தாள். அந்த வாசனை அவருக்கு வரவில்லை. மிளகு, துளி சுக்கு, காய்ந்த மாங்காய்த் தூள் எல்லாம் சேர்த்துப் பொடித்து ஒரு டப்பாவில் அடைத்தாள். இன்னொரு சின்ன டப்பாவில், கருஞ்சிவப்பாக ஒரு பொடி.

“இது கருப்பு உப்பு. இத எலுமிச்சைச் சாறுல கரைச்சு வச்சுக்குங்க. ரெண்டு ஸ்பூன் போதும். சாப்பிடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் பழத்து மேல ஊத்தணும். முன்னாடியே ஊத்துனா பழம் தண்ணி விட்டுரும். அஞ்சு நிமிஷம். புரியுதா? அஞ்சு நிமிஷம்.”

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் ஒரு ஆப்பிளை எடுத்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்கேலையும் எடுத்து வந்தார்.

“அது எதுக்கு?”

“துண்டெல்லாம் ஒரே அளவா இருக்கணும்ல. ஒண்ணரை சென்டிமீட்டர் சரியா இருக்குமா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு, “அந்த உப்பு வாட கொஞ்சம் தூக்கலா இருக்கும், பயந்துராதீங்க” என்றாள். இதையும் மூன்று தரம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஒரே தரம் சொன்னாள். அவரோ இரண்டாவது துண்டை அளந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் ஐந்தாம் மாடி பான்ட்ரியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். பப்பாளி, அன்னாசி, கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சு, இரண்டு மாதுளை. காபி, தேநீர் கொடுக்கும் பான்ட்ரி அக்கா வேலையைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“சார், மாதுளைய அப்படிக் குத்தாதீங்க. அது உங்கள என்ன பண்ணுச்சு?”

“உள்ள இருக்கிறது வெளிய வரணும்ல அக்கா.”

“வெளிய வருது. உங்க சட்டைக்கு வருது. ரெண்டாப் பிளந்து, கவுத்துப் பிடிச்சு, முதுகுல கரண்டியால தட்டுங்க.”

தட்டினார். முத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சுற்றறிக்கைகளில் ஒன்றுகூட இப்படிச் சொன்னவுடன் பலன் தந்ததில்லை.

பத்தே முக்காலுக்குள் பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைந்துவிட்டது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை எல்லாம் ஒண்ணரை சென்டிமீட்டர். ஆப்பிள் கறுக்காமலிருக்க மனைவி சொன்னபடி எலுமிச்சைச் சாறு கொஞ்சம் தெளித்தார். அக்கா தட்டுகள் எடுத்து வரப் போனதும், ஒரு குவளை நிறைய எலுமிச்சைச் சாறு பிழிந்து கருப்பு உப்பை இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. மாடியில் இருக்கும் நாற்பது பேருக்கு அல்லவா, ரெண்டு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று நினைத்து டப்பாவில் பாதியைக் கவிழ்த்தார். குவளையைத் தூசி படாத உயரத்தில், ஏ.சி. காற்றை உள்ளே இழுத்து மாடி முழுக்க அனுப்பும் கம்பிச் சட்டத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். ஐந்து நிமிஷக் கணக்குக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டு எல்லாரையும் கூப்பிடலாம் என்று வெளியே வந்தார்.

கருப்பு உப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். புளிப்பில் அது கரைந்தால் அழுகிய முட்டை தோற்றுப்போகும். நாக்குக்குத் தேவாமிர்தம், மூக்குக்கு அது வேறு விவகாரம்.

முதலில் தலையைத் தூக்கியது ஜன்னலோரத்து இழப்பீட்டுப் பிரிவு. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தன் காலணியைப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அந்நேரம் தபால் கட்டோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்த தபால் பிரிவுக்காரர் இரண்டு தரம் மோந்து பார்த்தார். அவர் மனதில் நாற்பத்தொன்றாவது சுற்றறிக்கை வரி வரியாக ஓடியது: ‘அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது எரிவாயுக் கசிவு. யாரையும் கேட்க வேண்டாம். யோசிக்க வேண்டாம். மணியை அடிக்கவும்.’ கீழ்த்தளத்து பேக்கரிக்கு எரிவாயுக் குழாய் போவது அவருக்குத் தெரியும். தபால் கட்டைத் தரையில் வைத்தார். மணிப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். மணியை அடித்தார்.

அதன் பிறகு நடந்ததை அதிகாரி தம் வாழ்நாளில் கண்டதில்லை. இத்தனை நாள் மணி அடித்தால் “கம்ப்யூட்டர்ல சேமிச்சுட்டு வர்றேன் சார்” என்று சொன்னவர்கள், ‘கேஸ் கசியுது’ என்ற குரல் மேலிருந்து மாடி மாடியாக இறங்க, இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள். லிஃப்டை யாரும் தொடவில்லை. கைப்பையைத் தேடி யாரும் திரும்பவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் இறங்கவில்லை. தெருவுக்கு வந்து ஆள் எண்ணிக்கை சரி பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தபோது ஆறு நிமிஷம் பத்து வினாடி. அவருக்குத் தொண்டை அடைத்தது. மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்தது.

பொது மேலாளர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். எதற்கும் லேசில் பாராட்டாத பெண்மணி.

“பயங்கர நாத்தம் சார். உங்களுக்கு வந்துச்சுல்ல?”

பாதுகாப்பு அதிகாரிக்கு நாலு நாளாக வாசனையே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? காவல்காரனுக்குக் கண் தெரியாது என்பதுபோல அல்லவா இருக்கும்.

“நல்லா வந்துச்சு பேடம்” என்றார்.

“இப்படி ஒரு மூக்கு இருக்கவேதான் நாங்க பொழச்சோம்.”

அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் அதோடு விடாமல், தெருவோரம் கையெல்லாம் மாவோடு நின்ற பேக்கரிக்காரரிடம் போனார்.

தீயணைப்பு வண்டி வந்தது. குழுத் தலைவி குள்ளமான, நிதானமான பெண். கையில் வாயு அளக்கும் கருவி. முதலில் பேக்கரியின் எரிவாயுவை மூடச் சொன்னார். பிறகு அதிகாரியைப் பார்த்து, “நீங்கதான பொறுப்பு? வாட எங்க அதிகமா இருந்துச்சு?” என்றார்.

அதிகாரி ஆழமாக மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். “படிக்கட்டுல” என்றார்.

படிக்கட்டில் கருவி பூஜ்யம் காட்டியது. “எனக்கு இங்க ஒண்ணும் வரலையே” என்றார் தலைவி.

“எனக்கு லேசா வருதே” என்றார் இவர். ஒரு பொய்க்குத் துணைப் பொய் வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் ‘கொஞ்சம் கூடுது’ என்றார். மூன்றாம் மாடியில் காகிதம் வைக்கும் அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து, ‘இங்கயும் இருக்கு’ என்றார். கருவி எல்லா இடத்திலும் பூஜ்யத்திலேயே பிடிவாதமாக நின்றது. தலைவி அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்ததும் தலைவி நின்றார். கருவியைத் தாழ்த்திவிட்டுத் தன் மூக்கை நம்பி நடந்தார். நேராக பான்ட்ரி. நேராக அலமாரி. குவளையை எடுத்தார், ஒரு தரம் மோந்தார், சட்டென்று கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டார். பிறகு மேஜையில் இருந்த கிண்ணத்தையும் சின்ன டப்பாவையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ பிடிபட்டது.

“இது யாரோடது?”

‘வாட கொஞ்சம் தூக்கலா இருக்கும்’ என்று மனைவி சொன்னது, காதில் விழுந்தும் விழாமலும் போனது, இப்போது முழுசாக வந்து விழுந்தது. அதிகாரி மெல்லக் கையைத் தூக்கினார்.

தலைவி குவளையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். “மோந்து பாருங்க.”

மோந்தார். வெறும் காற்று.

“எத்தன நாளா அடைச்சிருக்கு?”

“நாலு நாளா” என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

தலைவி ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். ‘தெரியவில்லை’ன்னு எழுதிட்டுப் போயிடறேன். வாரத்துக்கு ரெண்டு அப்படி எழுதறதுதான். நீங்க ஜன்னலத் திறந்து வைங்க, போதும்.”

முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள். ஒரு குவளைச் சாறு எம்மாத்திரம்? சாக்கடையில் ஊற்றினால் முடிந்தது. ஆறு நிமிஷம் பத்து வினாடி அப்படியே நிற்கும். மூக்குக்குக் கிடைத்த பேரும் நிற்கும். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படியிறங்கினார். நான்காம் மாடிவரை ‘தெரியவில்லை’ என்ற வார்த்தை இதமாக இருந்தது. இரண்டாம் மாடியில் கொஞ்சம் உறுத்தியது. தெருவுக்கு வந்தபோது மேலாளர் பேக்கரிக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

“இருநூறு பேர் உயிர் விஷயம். நாளைக்கே உங்க குழாய எடுக்கச் சொல்லி எழுதப் போறேன். நீங்க வேற இடம் பாத்துக்குங்க.”

“மேடம், போன மாசம்தான் குழாய் முழுக்க மாத்துனேன்” என்றார் பேக்கரிக்காரர். “காலையில போட்ட மாவு மொத்தமும் அடுப்பு இல்லாம இறங்கிப் போச்சு. நான் என்ன பண்ணினேன்னு சொல்லுங்க.” அவரைச் சுற்றி நின்ற கூட்டம் அவரை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவர் மாவுக் கையைத் துடைக்கக் கூட மறந்து நின்றார்.

அதிகாரி கையில் இருந்த ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். அது ஒரு தரம் கீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

“கட்டிடத்துல எரிவாயுக் கசிவு எதுவும் இல்ல. பேக்கரி மேல தப்பு இல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த நாத்தம் என்னோட உப்பு.”

யாருக்கும் புரியவில்லை. அவர் முழுக்கச் சொன்னார். எலுமிச்சைச் சாறு, பாதி டப்பா, காற்றுச் சட்டம், நாலு நாள் ஜலதோஷம் எல்லாம். “எனக்கு வாடையே வரல பேடம். வருதுன்னு சொன்னது பொய்” என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார், அதை அணைக்கும் பொத்தான் அந்த நேரம் கைக்குக் கிடைக்கவில்லை. எதிர்ச் சாரிக் கட்டிடத்து ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன.

மேலாளர் வாய் திறந்தபடி நின்றார். பின்வரிசையிலிருந்து பான்ட்ரி அக்காவின் குரல் மட்டும் வந்தது.

“அப்போ அந்தப் பழத்தச் சாப்பிடலாமா, கூடாதா?”

முதலில் சிரித்தது பேக்கரிக்காரர். அது இழப்பீட்டுப் பிரிவுக்குத் தொற்றியது. பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. மேலாளர் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் பேக்கரிக்காரரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பேக்கரிக்காரர் ‘பரவாயில்லை’ என்பதுபோலக் கையை ஆட்டியதில் மேலாளரின் கறுப்பு உடையில் மாவு பறந்து ஒட்டியது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

கிண்ணத்தையும் குவளையையும் டப்பாக்களையும் தலைவியின் ஆட்களில் இருவர் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தார்கள். அதிகாரி குவளையை எடுத்து ஊற்றப் போனார். அக்கா பிடுங்கிக்கொண்டார்.

“நாக்கு செத்தவங்க கையில உப்பக் குடுக்கக் கூடாது சார். தள்ளுங்க.”

அவர் குவளையில் இருந்ததில் நாலே கரண்டி எடுத்து, பாட்டில் தண்ணீரும் இன்னொரு எலுமிச்சையும் சேர்த்து, நாக்கில் வைத்து, சப்புக்கொட்டி, பழத்தின் மேல் ஊற்றினார். வறுத்த பொடியை உள்ளங்கையிலிருந்து தூவினார். மீதியைத் தலைவி மூடி போட்டு மூடி, ஆதாரம்போலத் தூரமாக வைத்தார். காகிதக் கோப்பைகள் கைமாறின. முதல் கோப்பை பேக்கரிக்காரருக்கு.

அவர் சந்தேகமாக ஒரு துண்டை வாயில் போட்டார். பப்பாளியின் தித்திப்பு, மேலே புளிப்பு, அப்புறம் மிளகு தொண்டையில் ஒரு சுள், கடைசியில் அந்த உப்பு. இரண்டாவது துண்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். “மோந்து பாக்காம சாப்பிட்டா அருமையா இருக்கு” என்றார். நாற்பது பேருக்குச் செய்தது இருநூறு பேருக்கு எப்படிப் போதும்? ஆளுக்கு மூன்று துண்டு, நாலு துண்டு. கிண்ணத்தின் அடியில் தேங்கிய சாற்றுக்கு இழப்பீட்டுப் பிரிவிலேயே ஒரு தகராறு வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள், செய்தவருக்கு மட்டும் அது ஈரமான காகிதம்போல இருந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ருசியைத் தெரிந்துகொண்டார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அந்தப் பக்கம் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. “ஓரங்கட்டிட்டேன், இப்பச் சொல்லுங்க” என்றாள். சொன்னார். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

“இருக்கியா?”

“இருக்கேன். பிள்ளைங்க ஏன் சிரிக்கிறேன்னு கேக்குதுங்க. வச்சிடுங்க, ரெண்டு பேர இன்னும் எறக்கி விடணும்.”

பரிசு மூன்றாம் மாடியின் பயறுக்குப் போனது. ஐந்தாம் மாடியின் பண்டம் கட்டிடத்துக்கு வெளியே பரிமாறப்பட்டதால் போட்டி விதிக்கு உட்படாது என்று பணியாளர் பிரிவு சொன்னது. விதி என்றால் விதிதான் என்று அதிகாரியும் ஒத்துக்கொண்டார். தீயணைப்புக் குழுத் தலைவி காரணக் கட்டத்தில் ‘பழம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, “இனிமே சளி பிடிச்சா லீவு போடுங்க சார்” என்றார்.

லிஃப்டுகளைச் சோதித்துத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தபால் பிரிவுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். கூட்டம் கடந்து போகக் காத்திருந்தது தெரிந்தது. விஷயம் தெரிந்ததிலிருந்து போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர் முதுகில் தட்டி, “என்ன சார், பழத்துக்கெல்லாம் மணி அடிக்கிறீங்க” என்று கேட்டிருந்தார்கள். அதிகாரி நெருங்கியதும் அவர் தொண்டையைச் செருமினார். பதினோரு வருஷத்தில் அவர் தாமாக ஆரம்பித்த முதல் பேச்சு அதுதான்.

“அவசரப்பட்டுட்டேனா சார்? உள்ள போய் ஒரு தடவ பாத்திருக்கலாமோன்னு தோணுது.”

அதிகாரி ஒரு படி மேலே ஏறியவர் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

“பாத்திருக்கக் கூடாது. நீங்க பண்ணினதுதான் சரி. நாளைக்கு இதே வாட வந்தா நாளைக்கும் அடிங்க. உள்ள இருக்கிறது பழப்னு தெரிஞ்சாலும் அடிங்க.”

தபால் பிரிவுக்காரர் தலையாட்டினார். இருவரும் சேர்ந்து ஏறத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடிக் கதவைத் தாண்டும்போது அவர் மறுபடி செருமினார்.

“நாளைக்கும் கொண்டு வர்றீங்களா சார்? எனக்கு ரெண்டு துண்டுதான் கெடச்சுது.”